பழைய பட்டறையின் வெளிப்புறத்தைத் திருத்துவது எப்படி

வீட்டுப் பின்வளவில் நிற்கிற பழைய பட்டறையைத் திருத்த வேண்டும் என்று மனம் வந்ததும் கொழும்பில் பெரும்பாலானவர்கள் முதலில் போவது பெயின்ற் கடைக்குத்தான். பழைய சோனகத் தெருவில் நாலு கடை ஏறி இறங்கி, நிற அட்டையை வாங்கி வந்து, வீட்டில் எல்லோருக்கும் காட்டி, ஒரு கிறீம் நிறத்தைத் தெரிவு செய்து, அடுத்த கிழமையே வாளியைத் திறந்துவிடுகிறார்கள். மே மாதம் மழை தொடங்கி ஓகஸ்ட் வருவதற்குள் அந்தப் பெயின்ற் சுவரின் அடியிலிருந்து கொப்பளித்து உரிந்து தொங்கும். தண்ணீர் வருகிற வழியை அப்படியே விட்டுவிட்டு மேலே பூசினால் எந்தக் கொம்பனிப் பெயின்றும் நிற்காது.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் இருக்கிற காசில் பெரும்பங்கைக் கூரை ஓரத்துக்கும் சுவரின் கீழ் இரண்டு அடிக்கும் செலவழியுங்கள். நடுச்சுவர் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். பட்டறை பழுதாவது மேலும் கீழும்தான், நடுவில் நாம் காண்கிற கறையும் வெடிப்பும் பெரும்பாலும் அங்கிருந்து வந்தவை.

நான் மனதில் வைத்திருக்கிற கட்டடம் இப்படியானது: 20 அடி நீளம், 12 அடி அகலம், அஸ்பெஸ்டஸ் சீற் அல்லது தகரக் கூரை, ஒரு பக்கம் வீட்டுச் சுவரோடு ஒட்டியது, பலாமரக் கதவு, இரும்புக் கம்பி போட்ட யன்னல். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் பக்கத்திலும் இப்படி நிறைய நிற்கின்றன. தச்சு வேலைக்கோ மோட்டார் சுற்றுவதற்கோ தையலுக்கோ அவசரத்துக்குக் கட்டியவை என்பதால் வீட்டுக்குப் பார்த்த கவனத்தை இவற்றுக்கு யாரும் பார்க்கவில்லை. தாழ்வாரம் குட்டையாக இருக்கும், அத்திவாரத்தில் ஈரம் ஏறாமல் தடுக்கிற படை இருக்காது.

மழையில் போய்ப் பாருங்கள்

வேலை தொடங்க முன் ஒரு நல்ல மழை நாளில் குடையைப் பிடித்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, விழுந்த இடத்திலிருந்து எவ்வளவு உயரத்துக்குச் சேற்றைத் தெறிக்கிறது, வீட்டுச் சுவரும் பட்டறைக் கூரையும் சேருகிற இடத்தில் என்ன நடக்கிறது, கதவடியில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த நாளில் எந்த பாஸ் வந்து பார்த்தாலும் இதைச் சொல்ல முடியாது. மேற்கையும் தென்மேற்கையும் பார்க்கிற சுவர்களைக் கூடுதலாகக் கவனியுங்கள். தென்மேற்குப் பருவமழை அந்தப் பக்கத்தில்தான் சாய்வாக அடிக்கும், கடல் உப்பும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும்.

அப்புறம் காய்ந்த நாளொன்றில் சுத்தியலின் மரப்பிடியால் சுவர் முழுக்கத் தட்டிப் பாருங்கள். சாந்து கல்லோடு ஒட்டியிருந்தால் சத்தம் இறுக்கமாக வரும், விட்டிருந்தால் உள்ளே வெறுமையாகக் கேட்கும். வெறுமையாகக் கேட்கிற இடத்தையெல்லாம் சோக்குக் கட்டியால் வட்டம் போடுங்கள். முடிந்ததும் தள்ளி நின்று பார்த்தால் வட்டங்கள் அநேகமாகக் கூரைக்குக் கீழேயும் நிலத்துக்கு மேலேயும்தான் கூடியிருக்கும்.

எந்த மாதத்தில் செய்வது என்பதும் முக்கியம். கொழும்பில் மழை குறைவான மாதங்கள் ஜனவரியும் பெப்ரவரியும். கூரையையும் சாந்தையும் ஜனவரியில் முடித்து, சுவரைக் காயவிட்டு, பெயின்றைப் பெப்ரவரிக் கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ பூசினால் நிம்மதி. ஏப்ரலில் பின்னேரம் இடியோடு மழை வரும், மே நடுப்பகுதிக்குப் பிறகு சொல்லவே வேண்டாம். ஒக்டோபர், நவம்பரைத் தொடவே தொடாதீர்கள்.

கூரை

அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் கொஞ்சம் நிதானம் வேண்டும். இலங்கையில் நீல அஸ்பெஸ்டஸ் 1987இல் தடைசெய்யப்பட்டது, அதற்குப் பிறகு இங்கே கூரைக்கு வந்தது வெள்ளை வகை. ஆனாலும் வெள்ளை என்பதால் ஆபத்தில்லை என்று நினைக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் எல்லா வகை அஸ்பெஸ்டஸையும் புற்றுநோய் உண்டாக்குவது என்றே வகைப்படுத்தியிருக்கிறது. உடையாமல், உதிராமல் கூரையில் இருக்கிற சீற் பெரிதாக ஒன்றும் செய்யாது. அதை வெட்டுவது, துளைப்பது, காய்ந்தபடி கம்பிப் பிறஷ் போட்டுத் தேய்ப்பது, உயர் அழுத்தத் தண்ணீர் அடித்துப் பாசி கழுவுவது, இவைதான் தூளைக் காற்றில் கலக்கும். தண்ணீர் மெஷினை வாடகைக்கு எடுத்து அஸ்பெஸ்டஸ் கூரையைக் கழுவித் தருகிறோம் என்று வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அந்தத் தூள் பட்டறைக்குள்ளும் அயல் வீட்டு முற்றத்திலும் படிந்து, காய்ந்து, மறுநாள் காற்றில் பறக்கும்.

சீற் நல்ல நிலையில் இருந்தால் பாசி கொல்லும் திரவத்தைக் கைப்பம்பால் மெதுவாகத் தெளித்து, அது செத்து மழையில் தானாகக் கழுவுப்பட விட்டு, மேலே கூரைப் பெயின்ற் இரண்டு கை பூசுங்கள். வெடித்த சீற் இருந்தால் ஒட்டுப் போடுவதைவிட மாற்றுவது நல்லது. நனைத்து, உடைக்காமல் முழுதாக இறக்கி, தடித்த பொலித்தீனில் சுற்றிக் கட்டி, எங்கே கொடுப்பது என்று மாநகர சபையில் கேளுங்கள். உடைத்துக் கிடங்கு நிரப்பப் போடக்கூடாது. நல்ல சுவாசக் கவசம் கட்டாயம், துணி மாஸ்க் காணாது. இன்னொன்று, பழைய சீற்றின் மேல் நேரே கால் வைக்கவே கூடாது. பாசி பிடித்த சீற் பார்க்க உறுதியாகத்தான் இருக்கும், ஆள் பாரத்தில் ஒரு சத்தமும் காட்டாமல் விட்டுவிடும். ஆணி வரிசை போகிற இடத்தில்தான் அடியில் மரம் இருக்கிறது, அதற்குக் குறுக்கே பலகை போட்டு, பலகையில் மட்டும் நடங்கள்.

முழுக் கூரையையும் மாற்றுவதென்றால் துத்தநாகமும் அலுமினியமும் சேர்த்துப் பூசிய தகட்டைப் பாருங்கள், கடற்கரைக் காற்றுக்குச் சாதாரண தகரத்தைவிடக் கூடுதல் காலம் தாங்கும். காலி வீதிக்குக் கடல் பக்கம் இருக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அங்கே தகடு கெடுவதற்கு முதல் ஸ்குறூ கெட்டுவிடும். றப்பர் வோஷர் போட்ட, தடித்த துத்தநாகப் பூச்சு உள்ள ஸ்குறூ வாங்குங்கள், தனி ஆணிக்கு வோஷரைக் கோத்து அடிப்பதை விட்டுவிடுங்கள். ஸ்குறூ தகட்டின் மேட்டில் போக வேண்டும், தண்ணீர் ஓடுகிற பள்ளத்தில் போனால் அது என்றைக்கோ ஒருநாள் ஒழுகும். றப்பர் சற்றே நசுங்கினால் போதும், பிதுங்கும் அளவுக்கு இறுக்கினால் வெயிலில் வெடித்துவிடும். தகடுகளைத் தென்மேற்குக் காற்று வருகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து அடுக்கத் தொடங்குங்கள், அப்போதுதான் மேற்படிகிற விளிம்பு காற்றுக்கு முதுகு காட்டும். பின்னேரம் கூரையை விட்டு இறங்க முன் துளைத்த இரும்புத் தூளை மென்மையான தும்புத்தடியால் ஒன்றும் விடாமல் கூட்டி எடுங்கள். இதை யாரும் செய்வதில்லை. ஒரு இரவுப் பனிக்கே அந்தத் தூள் கறள் பிடித்துப் புதுத் தகட்டில் செம்புள்ளியாக ஒட்டிக்கொள்ளும், அந்தப் புள்ளியிலிருந்துதான் கறள் தகட்டைத் தின்னத் தொடங்கும்.

வீட்டுச் சுவரோடு சேருகிற மூட்டு

ஒட்டிக் கட்டிய பட்டறைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு ஒழுக்கு இங்கேதான் என்று துணிந்து சொல்வேன். பழைய முறையில் சீற்றுக்கும் சுவருக்கும் இடையில் சீமெந்தைச் சாய்வாக வைத்து அடைத்திருப்பார்கள். வெயிலில் கூரை நீளும், இரவில் சுருங்கும், சுவர் அசையாது. சீமெந்து நடுவில் நின்று வெடிக்கும். வெடிப்பு ஒரு நூல் அளவுதான் இருக்கும், மேலே நின்று பார்த்தால் தெரியாது. சுவரில் வழிந்து வருகிற தண்ணீர் முழுவதும் அந்த நூலுக்குள் போய், பட்டறையின் உட்சுவரில் மஞ்சள் கோடாக இறங்கும். இதற்கு வருஷா வருஷம் சிலிக்கோன் குழாய் வாங்கி அடைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அது ஒரு மழைக்காலத்துக்குத்தான்.

சரியான வேலை இது. பழைய சீமெந்தை மெதுவாகத் தட்டி எடுங்கள். அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் நனைத்துக்கொண்டு, சீற்றில் உளி படாமல் எடுக்க வேண்டும். கூரைக்கு 6 அங்குலம் மேலே வீட்டுச் சுவரில் நேர்கோடு ஒன்று கீறி, அந்தக் கோட்டில் ஒரு அங்குல ஆழத்துக்குக் கிரைண்டரால் காடி வெட்டுங்கள். பிளாஷிங் என்று கடையில் கேட்டால் மடித்த தகடு தருவார்கள். அதன் மேல் விளிம்பு இந்தக் காடிக்குள் புக வேண்டும், கீழ் விளிம்பு கூரையின் மேல் குறைந்தது 6 அங்குலம் படிய வேண்டும். காடிக்குள் தகட்டை இறுக்கி, மிச்ச இடைவெளியை நெகிழ்கிற சீலன்ற்றால் நிரப்புங்கள். கீழ் விளிம்பைக் கூரையோடு ஆணி வைத்து இறுக்காதீர்கள், கூரை நீண்டு சுருங்க இடம் விட்டால்தான் இந்த ஏற்பாடு பல வருஷம் நிற்கும். சுவரில் சாந்து பூசினால் காடிக்கு மேலே நிறுத்துங்கள்.

பீலி வைப்பதா, விடுவதா

ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர் தண்ணீர். நான் சொன்ன பட்டறைக்குத் தாழ்வாரத்தோடு சேர்த்துக் கூரை ஏறத்தாழ 30 சதுர மீற்றர் வரும். 50 மில்லிமீற்றர் மழைக்கு 1,500 லீற்றர். 1992 ஜூன் 4ஆம் திகதி கொழும்பில் ஒரே நாளில் 490 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டியதே, அந்தக் கணக்குக்கு இந்தச் சின்னக் கூரையிலிருந்து மட்டும் 14,000 லீற்றருக்கு மேல் இறங்கியிருக்கும். இவ்வளவு தண்ணீரும் சுவரடியில் விழுந்தால் கீழ் இரண்டு அடி என்னவாகும் என்று யோசியுங்கள்.

பீலி, அதாவது கூரை விளிம்பில் தண்ணீரை ஏந்துகிற வாய்க்கால், வைத்தால் சரிவு வேண்டும், 20 அடிக்கு ஒன்றேகால் அங்குலம் அளவில். தாங்கிகளை இரண்டு அடிக்கு ஒன்றாவது போடுங்கள், இடைவெளி கூடினால் நடுவில் தொய்ந்து தண்ணீர் நிற்கும். கொழும்பில் தண்ணீர் நிற்கிற பீலி என்றால் டெங்கு நுளம்பு. முட்டை பறக்கிற நுளம்பாவதற்கு ஒரு கிழமை, பத்து நாள் போதும். 2017இல் நாட்டில் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு டெங்கு வந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. மாமரமோ வேம்போ கூரைக்கு மேலே சாய்ந்திருக்கிறது, ஏறித் துப்புரவாக்க ஆள் இல்லை என்றால் நான் பீலியே வேண்டாம் என்பேன். அதற்குப் பதிலாகத் தாழ்வாரத்தை ஒன்றரை, இரண்டு அடிக்கு நீட்டி, தண்ணீர் விழுகிற கோட்டில் நிலத்தில் சீமெந்துக் கான் ஒன்று கட்டுங்கள். ஆனால் பக்கத்து வீட்டு மதில் ஒட்டி இருக்கிற பக்கத்துக்கு இது சரிவராது, நம் கூரைத் தண்ணீர் அவர்கள் வளவில் விழக்கூடாது. அந்தப் பக்கத்துக்குப் பீலிதான் வழி, மாதத்துக்கு ஒருமுறை அதைப் பார்க்கத்தான் வேண்டும்.

சுவரின் கீழ்ப்பகுதி

கொழும்பில் வீதிக்கும் ஒழுங்கைக்கும் ஒவ்வொருமுறை கார்பட் போடும்போதும் வெளி நிலம் உயர்கிறது, பழைய பட்டறையின் தரை அதே இடத்தில் இருக்கிறது. இப்போது பல பட்டறைகளில் வெளியே நிலம் உள்தரையைவிட உயரம். சிலர் வளவுக்கும் மண் கொட்டி உயர்த்தியிருப்பார்கள், அந்த மண் சுவரோடு அணைந்து நிற்கும். ஈரம் ஏறுவதற்கும் கறையான் ஏறுவதற்கும் இதைவிட வசதி வேண்டுமா? முதல் வேலை மண்வெட்டியோடு போய், சுவரைச் சுற்றி இரண்டு அடி அகலத்துக்கு மண்ணை வழித்து, உள்தரையை விட 6 அங்குலமாவது கீழே கொண்டுவருவது. சுவரோடு சாத்தி வைத்த பழைய பலகை, ஓடு, தகரத் துண்டு எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். பிறகு வேண்டியிருக்கும் என்று நாலு வருஷமாகச் சாத்தி வைத்த பலகைக்குப் பின்னால் கறையானின் மண் கோடு சுவரில் ஏறிப் போயிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

வழித்த இடத்தில் 3 அங்குலத் தடிப்பில் கொங்கிறீற் பாவுங்கள், 1 பங்கு சீமெந்து, 2 பங்கு மணல், 4 பங்கு சல்லி என்ற கலவை போதும். இரண்டு அடி அகலத்தில் அரை அங்குலம் வெளிப்பக்கம் சரிய வேண்டும். விளிம்பில் கான், கானின் முடிவு வீதிக் கானில். கொங்கிறீற்றுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி விட்டு நெகிழ்கிற சீலன்ற் நிரப்புங்கள், இரண்டும் சேர்ந்து இறுகினால் வெடிப்பு சுவரில் போகும். வெளி நிலத்தைக் குறைக்கவே முடியாத இடம் என்றால் கதவுக்கு முன் இரும்புச் சட்டம் போட்ட குறுக்குக் கான் ஒன்று வெட்டி, வாசற்படியை 3 அங்குலம் உயர்த்துங்கள்.

ஈரம் ஏறிய சாந்தை, கறை தெரிகிற இடத்துக்கு ஒரு அடி மேல்வரை உடைத்து எடுக்க வேண்டும். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் காய்ந்த பிறஷால் தட்டி, கொட்டியதை அள்ளி எறியுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். இனி அவசரப்படாதீர்கள். கல் வெளியே தெரிய இரண்டு மூன்று கிழமை காயட்டும். இந்த இடத்தில் மேசன்மார் பலர் தண்ணீர் புகாத கெமிக்கல் கலந்து கட்டியான சீமெந்துச் சாந்து பூசலாம் என்பார்கள். பூசலாம், ஈரம் அதற்குப் பின்னாலேயே ஏறி, சாந்து முடிகிற உயரத்துக்கு மேலே வெளியே வரும். அடுத்த வருஷம் கறை இரண்டு அடி உயரத்தில் அல்ல, நாலு அடி உயரத்தில் இருக்கும்.

சுவர் எதனால் கட்டியது என்று உடைக்கும்போது தெரிந்துவிடும். செம்மஞ்சளாக, துளைத் துளையாக இருந்தால் கபுக் கல். மேல் மாகாணத்தில் பழைய கட்டடங்களில் இது சாதாரணம். கபுக் கல் ஈரத்தை இழுத்து வெளியே விடுகிற கல், அதற்கு இறுகிய சீமெந்துச் சாந்து ஆகாது. 1 பங்கு சீமெந்து, 2 பங்கு நீர்த்த சுண்ணாம்பு, 9 பங்கு மணல் என்ற மென்மையான கலவைதான் அதற்குப் பொருந்தும். செங்கலுக்கு 1:1:6. சீமெந்துக் கல் என்றால் 1 பங்கு சீமெந்துக்கு 5 பங்கு மணல், சுண்ணாம்பு இல்லாமலே சமாளிக்கலாம். மணல் கழுவிய மணலாக இருக்க வேண்டும், உப்பு மணலைப் பூசிவிட்டு உப்புப் பூக்கிறதே என்று கவலைப்படுவதில் பயனில்லை. ஒரு படை அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். பூசிய பிறகு ஒரு கிழமை காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்திருங்கள்.

வெடிப்புகளில் மயிர் வெடிப்புக்குப் பயமில்லை. யன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறுகிற வெடிப்பு வேறு, அது அத்திவாரமோ யன்னலுக்கு மேலுள்ள லின்ரலோ அசைவதைச் சொல்கிறது. அதன் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதி வையுங்கள். இரண்டு மாதத்தில் கோட்டைத் தாண்டி நீண்டிருந்தால், அல்லது 5 மில்லிமீற்றருக்கு மேல் அகலம் என்றால், சாந்து பூசி மறைக்காமல் எஞ்சினியர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

கதவு, யன்னல், கம்பி

பலாமரக் கதவை இலகுவில் எறிய வேண்டாம், இந்தக் காலத்தில் அப்படிப்பட்ட மரம் வாங்கப் போனால் விலை தெரியும். அடிச்சட்டத்தை ஸ்குறூ டிரைவரால் குத்திப் பாருங்கள். இறங்குகிற இடம்வரைதான் கெட்டது. அதை நல்ல மரம் வரும்வரை வெட்டி எடுத்து, அதே மரத்தில் துண்டு வைத்து, தண்ணீர் தாங்கும் பசையோடு இணைக்கச் சொன்னால் மொறட்டுவைத் தச்சர்கள் தடயம் தெரியாமல் செய்து தருவார்கள். பெயின்ற் பூசும்போது கதவைக் கழற்றிக் கிடத்தி அடி விளிம்புக்கும் பூசுங்கள். மரம் தண்ணீர் குடிப்பது வெட்டுமுகத்தால், அந்த இடம்தான் எல்லா வீட்டிலும் பெயின்ற் காணாமல் இருக்கும்.

இரும்புக் கம்பியைத் தேய்க்க முன் நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள். கடலோரத்தில் இது முக்கியம். உப்போடு சேர்த்துத் தேய்த்தால் உப்பு இரும்பிலேயே இருக்கும், பெயின்றுக்கு அடியில் கறள் மறுபடி ஊரும். தேய்த்த அன்றே பிரைமர் பூசிவிட வேண்டும், ஒரு இரவு விட்டால் திரும்பத் தேய்க்க வேண்டியதுதான். பழைய எனாமல் பெயின்றில் ஈயம் இருக்கலாம், அதைக் காய்ந்தபடி உரசாமல் நனைத்து உரசுங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். பிணைச்சல், கொண்டி வாங்கும்போது பித்தளையோ துருப்பிடிக்காத எஃகில் 316 வகையோ பாருங்கள்.

பெயின்ற்

கடைசியாக இங்கே வந்தோம். கரும்பூஞ்சணம் இருக்கிற சுவரில் வீட்டில் பாவிக்கிற குளோறின் திரவத்தை ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து பூசி, கால் மணி நேரம் விட்டுக் கழுவுங்கள். கையுறை வேண்டும், கழிப்பறை கழுவுகிற அசிட்டோடு அதைக் கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும். சுவர் காய்ந்துவிட்டதா என்று அறிய ஒரு அடிச் சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் ரேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்பக்கம் நீர் முத்துகள் தெரிந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். புதுச் சாந்துக்கு 28 நாள் கணக்கு, அதற்கு முன் பூசினால் சாந்தின் காரம் நிறத்தைத் தின்னும்.

பள்ளம் நிரப்பப் புட்டி பூசுகிறார்கள் அல்லவா, அந்தப் பையை நீங்களே வாங்கிக் கொடுங்கள், வெளிச்சுவருக்கு என்று எழுதியிருக்க வேண்டும். உட்சுவர்ப் புட்டி வெளிச்சுவரில் பூசப்பட்டு முதல் மழையிலேயே அப்பளம் போலக் கழன்ற சுவரை எங்கள் ஒழுங்கையிலேயே பார்க்கலாம். விலை வித்தியாசம் கொஞ்சம்தான், வேலை முழுவதும் வீண்.

அளவு பார்ப்பது இலகு. நாலு பக்கமும் வெளியே தெரிந்தால் சுற்றளவு 64 அடி, உயரம் 10 அடி, 640 சதுர அடி (வீட்டோடு ஒட்டிய பக்கம் இருந்தால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்). கதவும் யன்னலும் 90 என்று கழித்தால் 550. இரண்டு கைக்கு 1,100. ஒரு லீற்றர் 110 சதுர அடி அளவில் பிடிக்கும், ஆக 10 லீற்றர். சொரசொரப்பான பழைய சுவருக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி 12 லீற்றர் என்று வையுங்கள். பெயின்றுக்கு அடியில் முதலில் பூசுகிற சீலர் ஒரு கைக்கு 6 லீற்றர். வெளிச்சுவருக்கான பெயின்றை றொபியலக், டியூலக்ஸ், மல்டிலக், நிப்பொன் என்று எல்லாரும் செய்கிறார்கள், எதை வாங்கினாலும் சீலரையும் அதே கொம்பனியில் வாங்குங்கள். கபுக் சுவருக்கு மூச்சு விடுகிற வகை என்று கேட்டு வாங்க வேண்டும், றப்பர் போலப் படிகிற தண்ணீர்த் தடைப் பூச்சு அதற்கு வேண்டாம். வெளிர் நிறம் பூசினால் பட்டறைக்குள் வெக்கை குறையும், மத்தியானத்தில் உள்ளே நின்று வேலை செய்கிறவருக்கு அது பெரிய உதவி. வெயில் நேரே விழுகிற சுவரில் பூசாமல் நிழலைத் தொடர்ந்து பூசிக்கொண்டு போங்கள், மூன்று மணிக்கு மேல் புது இடம் தொடங்க வேண்டாம்.

ஆட்களும் வயரும்

கூரை மூட்டு, சாந்து வேலைக்கு நாட்கூலி நல்லது. உடைத்துப் பார்த்தால்தான் உள்ளே என்ன என்று தெரியும், கொன்றாக்ட் கொடுத்தால் தெரிந்ததையும் மூடிவிட்டுப் போகத்தான் மனம் வரும். பெயின்றை மட்டும் சதுர அடிக் கணக்கில் கொடுக்கலாம். பாஸிடம் எந்த வேலை எந்த வேலைக்குப் பிறகு என்று எழுதிக் காட்டுங்கள், காலையில் வந்தவுடன் தேத்தண்ணி கொடுத்து அன்றைய வேலையை ஒருமுறை பேசிக்கொண்டால் பாதிப் பிரச்சினை இல்லை.

ஏணி சாத்த முன் மின்சார வயர் எங்கே வருகிறது என்று பாருங்கள். பல பட்டறைகளில் வீதி வயர் தாழ்வாரத்துக்கு மேலேதான் வருகிறது, அலுமினிய ஏணியோடு அதற்குக் கிட்டப் போகக்கூடாது. மின்சாரம் தருகிற நிறுவனத்துக்குச் சொல்லி இணைப்பை நிறுத்தி எடுத்துவிட்டுச் செய்யுங்கள். ஏணி நாலு அடி உயரத்துக்கு ஒரு அடி தள்ளி நிற்க வேண்டும். சுவரை நகர்த்துவது, கூரையை உயர்த்துவது என்று போனால் மாநகர சபை அனுமதி தேவை, அதைத் தொடங்க முன்னே கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் மிஞ்சிய பெயின்றைச் சின்ன டின்னில் இறுக்கி மூடி, நிற இலக்கத்தையும் பூசிய திகதியையும் மூடியில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு ஏப்ரலிலும் பருவமழைக்கு முன் பீலி, பிளாஷிங் காடி, ஸ்குறூ வோஷர், சுவரடி இடைவெளி, கதவின் அடி விளிம்பு இவ்வளவையும் பாருங்கள், ஒரு காலைப்பொழுதுக்குள் முடிந்துவிடும்.